இரண்டரை வயதுக் குட்டிக்குக் கடிவாளம்: ராத்திரி முழுக்க மாட்டி வைக்கலாமா?

ஜூன் 4, காலை 8.40 | கேட்டவர்

மார்வாரி இனக் குதிரை, ஆண்குட்டி, இரண்டரை வயது. ஹால்டர் என்ற தலைக்கயிறு போட்டால் கூடவே நடக்கிறது, குளம்பு தூக்கினால் கொடுக்கிறது. பிட்டை, அதாவது வாய்க்குள் வைக்கும் கடிவாள இரும்பை, வாய்ப் பக்கம் கொண்டு போனால் மட்டும் தலையை மேலே தூக்கிவிடுகிறது. ராத்திரி முழுக்க மாட்டி லாயத்தில் விட்டால் காலையில் பழகியிருக்கும் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். செய்யலாமா? கையில் இருப்பது சந்தையில் வாங்கிய ஒற்றை மூட்டு பிட். பளபளவென்று இருக்கிறது, அளவு தெரியவில்லை.

ஜூன் 4, காலை 9.15 | லாயத்துக்காரன்

செய்யாதீர்கள். பிட்டின் வளையம் வாளிக் கொக்கியிலோ கதவுத் தாழ்ப்பாளிலோ மாட்டினால் குட்டி பின்னால் இழுக்கும். அப்போது கிழிவது நாக்கு, அடிபடுவது கீழ்த்தாடை எலும்பு. பிட்டோடு ஒழுங்காக மெல்லவும் முடியாது, அரைகுறையாக விழுங்கிய தவிடு உணவுக்குழாயில் அடைக்கும். இதெல்லாம் நடக்காமல் விடிந்தாலும் குட்டி ஓய்ந்துபோய் நிற்கும், அவ்வளவுதான். மறுநாள் தலை இன்னும் உயரப் போகும்.

லாயத்தில் கட்டிப்போட்டு மாட்டுவதும் அதே ரகம். பிட்டிலோ லகானிலோ குதிரையை எதனோடும் கட்டவே கூடாது.

ஜூன் 4, பகல் 11.30 | பல்மருந்து

இரண்டரை வயது என்கிறீர்கள். வாயைப் பார்த்தீர்களா?

குட்டிக்குப் பால்பல் 24. நடு முன்பற்கள் இரண்டரை வயதில் விழும், அடுத்தவை மூன்றரையில், ஓரத்தவை நாலரையில். வயது பார்ப்பவர்கள் உதட்டைத் தூக்கிப் பார்ப்பது இதைத்தான். உள்ளே நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. கடைவாயின் முதல் பால்பல்லும் இதே இரண்டரை வயதில்தான் விழுகிறது, இரண்டாவது சுமார் மூன்றில், மூன்றாவது சுமார் நாலில். விழப்போகும் பால்பல் புதுப்பல்லின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்துகொண்டு ஆடும், ஈறைக் குத்தும். முதல் கடைவாய்ப்பல் இருப்பது பிட் கிடக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான். அந்த வாயில் இரும்பை வைத்தால் தலையைத் தூக்காமல் என்ன செய்யும்?

அடுத்து ஓநாய்ப்பல். முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால், பெரும்பாலும் மேல்தாடையில், சிறியதாக முளைக்கும். பொதுவாக 6 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் வந்துவிடும். எல்லாக் குதிரைக்கும் இருக்காது. சிலவற்றுக்கு ஈறுக்கடியில் படுத்தே கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் சின்ன முண்டாகத் தட்டுப்படும். தொந்தரவு தருவது பெரும்பாலும் இந்த மறைந்த பல்தான். எடுக்க வேண்டுமென்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்: நிற்க வைத்தே மயக்க ஊசி, அந்த இடத்தில் மரப்பு ஊசி, வேரோடு எடுப்பது, டெட்டனஸ் தடுப்பூசி. ஈறு ஆற இரண்டு வாரம் விடுங்கள். குறடு வைத்து ஒரே இழுப்பில் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். வேர் உடைந்து உள்ளே நின்றால் பிட் படும்போதெல்லாம் வலிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

மேல் கடைவாய்ப்பற்களின் வெளி ஓரம் கூராக வளர்வதும் வழக்கம். மூக்குப்பட்டையை இறுக்கினால் கன்னம் அந்தக் கூரில் பட்டுப் புண்ணாகும். ராவிவிட்டால் போதும். வேப்பேரி, நாமக்கல் கால்நடைக் கல்லூரிகளில் பெரிய பிராணிகளைப் பார்ப்பார்கள்.

ஜூன் 4, இரவு 9.05 | லாயத்துக்காரன்

பல் பார்த்தாகிவிட்டது, வாய் சுத்தம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தலையைத் தூக்கும் குட்டிக்கு பிட் இரண்டாம் பாடம். தலையை இறக்குவது முதல் பாடம்.

இடது தோளருகே, குட்டி பார்க்கும் திசையிலேயே பார்த்து நில்லுங்கள். வலது கையைக் காதுகளுக்குப் பின்னால், உச்சியில் வையுங்கள். அழுத்த வேண்டாம், கையின் எடை போதும். தலை ஒரு விரல்கடை இறங்கினாலும் உடனே கையை எடுங்கள். குட்டிக்குப் பாடம் கையை எடுக்கும் அந்த நொடியில்தான் இருக்கிறது. தலை உங்கள் மார்பு உயரத்துக்கு இறங்கி அங்கேயே நிற்கும்வரை பிட்டை எடுக்காதீர்கள்.

பிறகு வாய். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி இருக்கிறது. இடது கட்டைவிரலை உதட்டு ஓரமாக அங்கே விட்டு நாக்கைத் தொடுங்கள், தானாகத் திறக்கும். திறந்ததும் விரலை எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் இதைப் பழக்குங்கள். அப்புறம் மெத்தென்ற பருத்திக் கயிறு அல்லது துணி நாடாவை அதே இடத்தில் வாய்க்குள் விட்டு, கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் சப்ப விட்டு, எடுங்கள். கட்டிவிடாதீர்கள்.

கடிவாளத்தைப் பிட் இல்லாமல் ஹால்டருக்கு மேலே மாட்டிப் பழக்குவது தனி வேலை. தலைப்பட்டை காதைத் தாண்டும்போது காதை முன்னால் மடக்கி ஒவ்வொன்றாக விடுங்கள். மார்வாரிக்கு இது ரொம்ப முக்கியம். காதைப் பிடித்து முறுக்கி அடக்கிய குதிரைகள் சந்தையில் நிறைய வரும், அதுகளுக்குக் காதுப் பக்கம் கை போனாலே தலை எகிறும். அப்படிப்பட்ட குட்டி என்றால் இடது கன்னப்பட்டையின் பக்கிளைக் கழற்றி, தலைப்பட்டையைக் காதுக்குப் பின்னால் கழுத்து வழியாகக் கொண்டுவந்து பக்கிளை மாட்டுங்கள். காதைத் தொடவே வேண்டாம்.

ஜூன் 5, காலை 7.20 | ரேக்ளா

வண்டிக் குதிரைப் பக்கத்திலிருந்து ஒன்று. பிட்டில் வெல்லப் பாகு தடவினால் குட்டி தேடி வந்து வாயில் வாங்கும். பெரியவர்கள் செய்வது இதுதான்.

ஜூன் 5, காலை 7.55 | லாயத்துக்காரன்

குட்டிக்கு முன்னால் எறும்பு வாங்கிக்கொள்ளும்.

வெல்லம் தப்பில்லை, ஆரம்பத்தில் கொஞ்சம் தடவலாம். ஆனால் இனிப்புப் போனதும் துப்பப் பார்க்கும், நாக்கைப் பின்னால் இழுத்து பிட்டைத் துழாவும். நாக்கை பிட்டுக்கு மேலே போடும் பழக்கம் அங்கே தொடங்கலாம். மாட்டி முடித்ததும் கையால் ஒரு பிடி புல் கொடுப்பது எனக்கு மேல். மெல்லும்போது தாடை தளரும். ஒவ்வொரு முறையும் பிட்டைக் கழுவித் துடைக்கவும், காய்ந்த பாகு உதட்டோரத்தை அறுக்கும்.

ஜூன் 5, மதியம் 2.10 | கேட்டவர்

பிட் எது வாங்குவது? தடித்த ரப்பர் பிட்தான் மென்மை என்று கடையில் சொன்னார்கள்.

ஜூன் 5, மாலை 6.45 | பல்மருந்து

வாயை மூடியிருக்கும்போது உள்ளே நாக்குதான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. தடித்த பிட் அழுத்தத்தைப் பரப்பும், உண்மை. ஆனால் இடமில்லாத வாயில் நாக்கை எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும், லகானைத் தொடாவிட்டாலும். சின்னத் தலை, சதைப்பற்றான நாக்கு என்றால் 20 மி.மீ. ரப்பரைவிட 14 மி.மீ. எஃகு வசதி. சோதிக்க, வாய் மூடியிருக்கும்போது அந்தப் பல்லில்லா இடைவெளியில் பக்கவாட்டில் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே விரல் நெருக்கப்பட்டால் தடித்த பிட் வேண்டாம். 14 முதல் 16 மி.மீ.க்குள் தேடுங்கள்.

ரப்பர் காய்ந்த வாயில் இழுபடும், உதட்டோரம் சிவக்கும். கடிக்கும் குட்டி சீக்கிரமே பிய்த்துவிடும், உள்ளே கம்பியோ சங்கிலியோ எட்டிப் பார்க்கும்.

ஜூன் 5, இரவு 8.30 | லாயத்துக்காரன்

சந்தை பிட்டின் பளபளப்பு பெரும்பாலும் முலாம். உரியத் தொடங்கினால் பிளேடு. பழைய நைலான் சாக்ஸ் ஒன்றை எடுத்து பிட் முழுக்க, மூட்டுக்குள், வளையத் துளையில் எல்லாம் தேய்த்து இழுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே வாயும் மாட்டும். எஃகு வாங்குங்கள். வாயில் லேசாகத் துருப்பிடிக்கும் இரும்பு பிட்டும் உண்டு, எச்சில் ஊறும், தப்பில்லை, ஆனால் தேய்மானத்தை அடிக்கடி பார்க்க வேண்டும்.

அளவு: ஒரு சாட்டைக் கம்பு அல்லது கெட்டி நூலை பிட் கிடக்கும் இடத்தில் வாய்க்குக் குறுக்கே வைத்து, இரண்டு உதட்டோரத்திலும் குறி போட்டு அளக்கவும். உதட்டை அமுக்காதீர்கள். சுழலும் வளையம் உள்ள பிட் என்றால் பக்கத்துக்கு 3 முதல் 5 மி.மீ. கூட்டுங்கள், இல்லையென்றால் வளையத் துளை உதட்டைக் கவ்வும். முட்டை வடிவ நிலை வளையம், டி வளையம் என்றால் பக்கத்துக்கு 2, 3 மி.மீ. போதும். அதிக அகலம் வாங்கினால் பக்கவாட்டில் நழுவி மூட்டு நடுவில் நிற்காது.

மூட்டு விஷயத்துக்கு நாளைக்கு வருகிறேன், அதில் சண்டை இருக்கிறது.

ஜூன் 6, காலை 6.50 | லாயத்துக்காரன்

ஒற்றை மூட்டு பிட் பாக்குவெட்டி போல மடங்கி அண்ணத்தைக் குத்தும் என்பது எல்லா லாயத்திலும் கேட்கும் பேச்சு. 1980களில் கால்நடை மருத்துவர் ஹிலாரி கிளேட்டன் வாய்க்குள் பிட் நகர்வதை எக்ஸ்-ரேயில் படம்பிடித்துப் பார்த்தார். லகானை இழுத்தபோது பிட் நாக்கில் அமிழ்ந்து அண்ணத்தை விட்டு விலகத்தான் செய்தது. ஆக அடி வாங்குவது நாக்கும் தாடை ஓரமும். அண்ணத்தில் படவே படாது என்றும் சொல்ல முடியாது: தாழ்வாகக் கட்டிய, அளவுக்கு மீறி அகலமான பிட்டில் மூட்டு எங்கேயும் போகும்.

குட்டிக்கு நடுவில் சின்ன உருளைத் துண்டு வைத்த இரட்டை மூட்டு எடுக்கலாம். தட்டைத் தகடு சாய்வாக நிற்கும் இன்னொரு ரகம் பார்க்க இதே மாதிரி இருக்கும், அதன் விளிம்பு நாக்கில் அழுந்தும். கையில் வைத்து மாட்டும் நிலையில் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நடுவில் சாவிகள் தொங்கும் பழைய பழக்கு பிட்டும் கிடைக்கிறது. எச்சில் ஊறுவதற்காக என்பார்கள். சில குட்டிகள் அதோடு விளையாடி விளையாடி நாக்கை மேலே தூக்கக் கற்றுக்கொள்ளும். வாங்கத் தேவையில்லை.

ஜூன் 6, பகல் 12.15 | ரேக்ளா

முள் வைத்த பிட் பற்றியும் யாராவது எழுதுங்கள். இன்னும் விற்கிறார்கள்.

ஜூன் 6, பகல் 1.00 | பல்மருந்து

விற்கலாம், போடக்கூடாது. வண்டி, பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளில், சவாரிக்கும் வண்டிக்கும் முள்ளோ முண்டோ கூர்முனையோ உள்ள பிட் பயன்படுத்துவது தடை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் குதிரை பார்க்கும்போது கால், சுழி எல்லாம் பார்த்த பிறகு வாயையும் பாருங்கள். நாக்கில் குறுக்கே வெள்ளைத் தழும்பு, தாடை ஓரத்தில் எலும்பு முண்டு இருந்தால் இப்படிப்பட்ட பிட் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். எலும்பு முண்டுள்ள இடத்தில் சாதா பிட்டும் வலிக்கும். அந்தக் குதிரைக்குக் கடிவாளம் பழக்குவது குட்டிக்குப் பழக்குவதைவிட நீண்ட வேலை, சிலவற்றுக்கு பிட் இல்லாத கடிவாளமே சரி.

சந்தையில் அடுத்தவர் பிட்டை இரவல் வாங்கி உங்கள் குட்டிக்குப் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். குட்டிகளுக்குத் தாடைக்கடியில் கட்டி வீங்கிச் சீழ் வைக்கும் தொற்று, மூக்குச்சளி பட்ட பிட், வாளி வழியாகப் பரவும். கிளாண்டர்ஸ் என்ற தொற்றும் அப்படியே, அது மனிதருக்கும் வரும். தாடைக்கடியில் வீக்கம் தெரிந்தால் பயிற்சியை நிறுத்துங்கள்.

ஜூன் 6, இரவு 10.20 | லாயத்துக்காரன்

மாட்டும் வரிசை. லகான் முதலில் கழுத்தில், பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும். ஹால்டரைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். வலது கை தலைப்பட்டையை காதுகளுக்கு நடுவே தூக்கிப் பிடிக்கட்டும், இடது உள்ளங்கையில் பிட். கட்டைவிரல் உதட்டோரத்தில். வாய் திறந்ததும் வலது கை மேலே தூக்கும், பிட் தானாக உள்ளே போகும். இடது கையால் தள்ளாதீர்கள், முன்பல்லில் இடிக்கும். ஒரு முறை பல்லில் இடித்தால் பத்து முறை வாய் மூடும்.

கிமு 4ஆம் நூற்றாண்டு கிரேக்கர் செனஃபோன் சொல்லும் முறையும் ஏறக்குறைய இதேதான்: இடது பக்கம் நின்று, லகானைத் தலைக்கு மேல் போட்டு, வலது கையில் தலைப்பட்டை, இடது கையில் பிட். குதிரையை லகானைப் பிடித்து நடத்தாதே, வாயின் ஒரு பக்கம் மரத்துப்போகும் என்றும் சொல்லியிருக்கிறார். லாயத்திலிருந்து மைதானத்துக்கு இன்றும் லகானில் இழுத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

உயரம்: பிட் உதட்டோரத்தைத் தொட்டு ஒரு சுருக்கம் விழுந்தால் போதும். இரண்டு சுருக்கம் என்ற கணக்கை நம்ப வேண்டாம், உதடு குதிரைக்குக் குதிரை மாறும். ரொம்பத் தாழ்ந்தால் நாக்கு மேலே ஏறும், ஆண்குதிரைக்குப் பின்னாளில் கோரைப்பல்லில் தட்டும். தொண்டைப்பட்டையில் நாலு விரல் நுழைய வேண்டும். மூக்குப்பட்டையை ஆரம்பத்தில் கழற்றியே வையுங்கள். பிறகு போடும்போது மூக்கெலும்பின் மேல், நடுவில், இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். பக்கவாட்டில் விரல் விட்டு அளந்தால் எப்போதும் தளர்வாகத்தான் தெரியும்.

ஊட்டிக் குளிரில் காலையில் பிட்டைக் கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சென்னையில் வெயிலில் தொங்கவிட்ட பிட்டைத் தண்ணீரில் நனைக்கவும்.

ஜூன் 7, காலை 6.30 | லாயத்துக்காரன்

நேற்று எழுதியதில் முக்கால்வாசி மாட்டுவதைப் பற்றி. தலை தூக்கும் குதிரைகளில் நிறையக் கெடுவது கழற்றும்போது.

சவாரி முடிந்து அவசரத்தில் தலைப்பட்டையைக் காதைத் தாண்டி முன்னால் இழுப்பார்கள். குதிரை வாயைத் திறக்குமுன் பிட் கீழ் முன்பல்லில் மாட்டும். குதிரை பயந்து தலையைத் தூக்கும், பிட் இன்னும் இறுகும். அடுத்த நாள் மாட்டும்போது தலை தூக்குவது அந்தப் பயத்தில். கழற்றும் முறை: மூக்குப்பட்டையும் தொண்டைப்பட்டையும் முழுக்கக் கழற்றியபின் தலையை இறக்கச் சொல்லுங்கள். தலைப்பட்டையைக் காதுகளைத் தாண்டிக் கொண்டுவந்து அதே உயரத்தில் பிடித்தபடி நில்லுங்கள். குதிரை தானே வாயைத் திறந்து பிட்டை விடும். விட்டதும் மெல்ல இறக்குங்கள். விடவில்லையென்றால் கட்டைவிரலை உதட்டோரத்தில் விட்டால் போதும். கை முன்னால் இழுக்கவே கூடாது.

ஜூன் 7, மதியம் 3.30 | கேட்டவர்

சரியாக அதேதான் இங்கே. கழற்றும்போது சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) இழுப்பார், குட்டி பின்னால் போகும். மருத்துவர் நாளை வருகிறார். ஒரு கேள்வி: பிட்டே இல்லாமல் பழக்கினால் என்ன?

ஜூன் 7, மாலை 5.15 | லாயத்துக்காரன்

பழக்கலாம். ஆனால் பிட் இல்லை என்பதாலேயே மென்மை வந்துவிடாது. மூக்குவார் கன்ன எலும்பு முடியும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே இருக்க வேண்டும். அதற்கும் கீழே இறங்கினால் எலும்பு மெலிந்து குருத்தெலும்பு வரும், அங்கே இறுக்கினால் வலியும் மூச்சுத் திணறலும். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் எஃப்.இ.ஐ. (சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) விதிப்படி டிரஸ்ஸாஜ் என்ற நடைப் போட்டிக்கு பிட் கட்டாயம். எண்டியூரன்ஸ் என்ற நெடுந்தூரப் போட்டியில் பிட் இல்லாமலும் அனுமதி.

எப்படியானாலும் முதல் லகான் வேலை மூக்கில் தொடங்கட்டும். பிட் வாயில் சும்மா கிடக்கட்டும், லஞ்ச் கயிறு, அதாவது குட்டியை வட்டமாக ஓட்டப் பிடிக்கும் நீளக் கயிறு, மூக்கில் போடும் கேவ்சன் பட்டையில் அல்லது ஹால்டரில். ஆரம்பத்தில் 10 நிமிடம், கூடவே ஆள். மெல்வதும் எச்சில் ஊறுவதும் சரி. வாயைப் பிளந்தபடி நிற்பது, நாக்கு ஒரு பக்கமாகத் தொங்குவது, தலையைச் சாய்ப்பது, ஒரே பக்கம் திரும்ப மறுப்பது இவற்றில் எது தெரிந்தாலும் கழற்றிப் பல்லை மறுபடி பாருங்கள். வாய் திறக்கிறது என்று மூக்குப்பட்டையை இறுக்கினால் அடையாளம் மறையும், காரணம் அப்படியே இருக்கும்.

ஒரு வாரம் அப்படிப் போனபின் லகானைப் பொருத்தி, நின்ற இடத்திலேயே ஒரு பக்க லகானை விரல்களை மூடி மெல்லப் பிடியுங்கள். மூக்கு ஒரு அங்குலம் திரும்பியதும் விடுங்கள். அடுத்து நீள லகான், பக்கத்துக்கு 7, 8 மீட்டர், பின்னாலிருந்து நடந்தபடி. ஆள் ஏறுவது இதெல்லாம் அமைதியாக முடிந்தபின், வயதும் மூன்றைத் தாண்டட்டும். பக்கவாட்டில் வார் கட்டித் தலையை மார்போடு மடக்கிச் சுற்ற விடுவதை இதில் சேர்க்கவில்லை, வேண்டுமென்றேதான்.

ஜூன் 9, மாலை 4.00 | கேட்டவர்

மருத்துவர் பார்த்தார். வலது மேல் பக்கம் பால்பல் தொப்பி ஆடிக்கொண்டிருந்தது, எடுத்துவிட்டார். ஈறுக்கடியில் ஓநாய்ப்பல் இடது பக்கம் ஒன்று, அதையும் எடுத்தாயிற்று. இரண்டு வாரம் பிட் கூடாது என்கிறார். கம்பு வைத்து அளந்ததில் வாய் 119 மி.மீ.

ஜூன் 9, மாலை 6.20 | லாயத்துக்காரன்

சுழலும் வளையத்தில் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. எடுங்கள், பக்கத்துக்கு 4 மி.மீ. கிடைக்கும். நிலை வளையம் என்றால் 125. தடிமன் 14. பழைய ஒற்றை மூட்டைச் சந்தைக்குத் திருப்பி விற்காதீர்கள், இரும்புக்கடையில் போடுங்கள். இந்த இரண்டு வாரமும் தலை இறக்குவதையும் பிட் இல்லாத கடிவாளத்தைக் காதில் மாட்டிக் கழற்றுவதையும் நடத்துங்கள். சைஸையும் பக்கத்தில் நிறுத்தி, கழற்றுவதை அவர் கையாலேயே செய்ய வையுங்கள்.